ஜெர்மனியில் எம்எஸ்: புறப்படுவதற்கு முந்தைய 20 மாதங்கள்

குமாரபாளையத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பிஇ மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிஜிபிஏ 7.5. அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். ஜெர்மனியில் எம்எஸ் படிக்க ஆசை. ஈரோட்டில் ஒரு ஏஜென்ட், "ஒன்றரை லட்சம் கொடுங்கள், ஜெர்மன் மொழியே வேண்டாம், பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சீட் உறுதி" என்கிறாராம். படிப்புக்குக் கட்டணமே இல்லை என்று கேள்விப்பட்டது உண்மையா, மொத்தத்தில் எவ்வளவு ஆகும், எப்போது தொடங்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

நானும் மெக்கானிக்கல்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் கல்விக் கடன் வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். படித்து முடித்து, இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை செய்கிறேன். எனக்குப் பின் வந்த பல தம்பி தங்கைகளின் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். நல்லபடியாகக் கரையேறியவர்களும் கடனோடு ஊர் திரும்பியவர்களும் அதில் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு கிடையாது. ஊரில் இருந்த கடைசி ஒன்றரை ஆண்டை எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் வேறுபாடு. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இன்றே தொடங்க வேண்டும். இன்றிலிருந்து அடுத்த ஆண்டு அக்டோபர் வரை உங்களுக்கு 20 மாதம் இருக்கிறது. சரியான அளவு.

முதலில் ஜெர்மன் மொழி. "ஜெர்மன் வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்புகள் நிறைய உண்டு, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.5 இருந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடலாம். ஆனால் நீங்கள் வருவது பட்டத்துக்காக மட்டும் இல்லையே, கடனை அடைக்க வேலையும் வேண்டும். அந்த வேலைச் சந்தை இன்று எப்படி இருக்கிறது என்று மெக்கானிக்கல் படிப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாகன உதிரிபாகங்கள் செய்யும் இசட்எஃப் நிறுவனம் 2028க்குள் ஜெர்மனியில் 14,000 வேலை இடங்கள் வரை குறைக்கப்போவதாக 2024இல் அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 இடங்களைக் குறைக்க அதே ஆண்டு டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பரில் பாஷ் 13,000 இடங்களைக் குறைப்பதாகச் சொன்னது. நான் வந்த காலத்தில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்டர்ன்ஷிப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரே இடத்துக்கு ஜெர்மன் பேசத் தெரிந்த பத்துப் பேர் நிற்கிறார்கள்.

இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடப்பதில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் மொழியின் முதல் நிலையான ஏ1 மட்டும் முடித்துவிட்டு வந்தேன். முதல் செமஸ்டரில் ஆறு பாடம், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை, சமையல், துவைப்பு என்று நாள் ஓடிவிட்டது. மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்து மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து வேலை தேடும்போது அதற்கான விலையைக் கொடுத்தேன். 11 மாதம் வேலையில்லாமல் இருந்து, அந்தக் காலத்தில் உட்கார்ந்து, ஏ1க்கு மூன்று நிலை மேலே இருக்கும் பி2 படித்தேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் "ஏதாவது கிடைச்சுதாம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து சில ஞாயிறுகளில் போனை எடுக்காமலேயே இருந்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு இப்போது இருக்கும் 20 மாதத்தில், தினமும் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால், பி2க்கு ஒரு படி கீழான பி1 முடித்துவிட்டே விமானம் ஏறலாம். ஜெர்மன் மொழி சொல்லித்தரும் கோத்தே நிறுவனம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால் அவர்களே இணையவழியிலும் நடத்துகிறார்கள். உள்ளூரில் வேறு நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் சரி, தேர்வை மட்டும் கோத்தேயில் எழுதுங்கள். அந்தச் சான்றிதழுக்கு எங்கேயும் மறுபேச்சு இல்லை. பி1 என்றால் வீட்டுக்காரரிடமும் வங்கியிலும் டாக்டரிடமும் உங்கள் காரியத்தை நீங்களே பேசி முடிக்கிற நிலை. அதிலிருந்து பி2க்குப் போவதை இங்கே படிப்போடு சேர்த்துச் செய்ய முடியும். ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குவதை இங்கே செய்ய முடியாது.

அடுத்து, எந்தப் படிப்பு, எந்த இடம். இங்கேதான் ஏஜென்ட்டுகளும் யூடியூப் காணொளிகளும் மாணவர்களைக் குழப்புகிறார்கள். உலகத் தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் மதிப்பெண் அவர்கள் கணக்கில் எவ்வளவு வருகிறது, உங்கள் இளங்கலைப் பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன.

மதிப்பெண் கணக்கைச் சொல்கிறேன். இங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. உங்கள் அளவுகோலின் அதிகபட்சத்திலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அதிகபட்சம் 10, தேர்ச்சிக்கு 5. உங்கள் 7.5ஐப் போட்டால் 2.5 வருகிறது. பல முதுகலைப் படிப்புகள் கேட்கும் எல்லையே 2.5 தான், நீங்கள் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள். மீதமுள்ள செமஸ்டர்களில் ஏறி 8.0 ஆக்கினால் 2.2 ஆகிவிடும், கதவுகள் கூடுதலாகத் திறக்கும். அதனால் மொழி படிக்கிறேன் என்று கல்லூரிப் பாடத்தை விட்டுவிடக் கூடாது. அரியர் வைத்துவிடவே கூடாது. கடைசி செமஸ்டர் அரியர் ஒன்று போதும், ஓர் ஆண்டு போய்விடும்.

இரண்டாவது விஷயம், பாட ஒப்பீடு. என்னைக் கேட்டால் விண்ணப்ப வேலை முழுவதிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் "மாட்யூல் ஹேண்ட்புக்" என்று ஓர் ஆவணம் துறையின் இணையதளத்தில் இருக்கும். எந்தப் பாடம், எத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கணக்கு) கிரெடிட், என்ன சொல்லித்தருகிறார்கள், எப்படித் தேர்வு வைக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சேர்க்கை விதியில், கணிதத்தில் இத்தனை, மெக்கானிக்ஸில் இத்தனை, தெர்மோடைனமிக்ஸில் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 9 சிஜிபிஏ வைத்திருந்தும் கண்ட்ரோல் இன்ஜினியரிங் பாடத்தில் கிரெடிட் போதவில்லை என்று மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஒரு தாளில் இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் உங்கள் பாடமும் கிரெடிட்டும் என்று எழுதுங்கள். இடைவெளி தெரிந்தால் ஏழாவது செமஸ்டரில் எலெக்டிவ் தேர்ந்தெடுக்கும்போது அதை நிரப்பலாம். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிஇ முடித்த பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

படிப்புகளைத் தேட, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தேடுபொறி போதும். மொழி, பாடம், கட்டணம் என்று வடிகட்டிப் பார்க்கலாம், காசு கிடையாது. யுனிவர்சிட்டேட், ஹோக்‌ஷூலெ என்று இரண்டு வகை கண்ணில் படும். முதலாவது ஆராய்ச்சியை நோக்கியது, இரண்டாவது தொழிற்சாலையை ஒட்டிய பயன்முறைப் படிப்பு. ஹோக்‌ஷூலெ என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் எண்ணமுள்ள மெக்கானிக்கல் மாணவருக்கு அது பல நேரம் கூடுதல் பொருத்தம். ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மியூனிக்கில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற கிழக்கு ஊர்களில் இரண்டு பேர் குடியிருக்கலாம். ஆனால் சின்ன ஊரில் பகுதிநேர வேலை குறைவு, ஜெர்மன் தெரியாமல் இன்னும் குறைவு. அங்கே மொழி கைகொடுக்கும்.

உங்கள் ஏஜென்ட் சொன்ன தனியார் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைப் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை, தனியார் கல்விக்கூடங்கள் பல கொடுக்கின்றன. ஒருவர் தனியாரை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால் அதை மனதில் வையுங்கள். தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் கேட்கும் இடத்தில் சேர்ந்தால், ஜெர்மனிக்கு வருவதன் பெரிய லாபத்தையே விட்டுவிடுகிறீர்கள். இன்னொன்று, பாதி வகுப்பு இணையவழியில் நடக்கும் படிப்பு என்றால் விசாவிலேயே சிக்கல் வரும். வகுப்புகள் நேரில்தான் நடக்கின்றனவா, அந்தக் கல்விக்கூடத்துக்கு ஜெர்மன் மாநில அரசின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒன்றரை லட்சத்தை ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்குப் பதில் மொழி வகுப்புக்கும் தேர்வுகளுக்கும் போடுங்கள். விண்ணப்பத்தில் நீங்களே செய்ய முடியாத வேலை என்று ஒன்றுகூட இல்லை.

கட்டணம் இல்லை என்பது உண்மையா என்றால், பெரும்பாலான மாநிலங்களில் உண்மை. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது, அதுவும் ஒரு செமஸ்டருக்கு. பழைய காணொளியைப் பார்த்து மியூனிக் இலவசம் என்று இன்னமும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

மொத்தச் செலவை அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். பெரிய தொகை, பிளாக்டு அக்கவுண்ட். ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவு உங்களிடம் இருக்கிறது என்று காட்ட, முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட வேண்டிய பணம். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது, அதாவது ஏறக்குறைய 12 லட்சம். விண்ணப்பிக்கும் நேரத்தில் தூதரகப் பக்கத்தில் தொகையை ஒருமுறை சரிபாருங்கள், அவ்வப்போது ஏற்றுவார்கள். இது கட்டணம் கிடையாது, உங்கள் பணம்தான். இங்கே வந்தபின் மாதம் 992 யூரோவாக உங்கள் கையில் வரும்.

ஆனால் இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் மாதத் தவணையாகத்தான் வரும், இங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். முதல் மாதமோ செலவு மொத்தமாக வந்து நிற்கும். வீட்டு முன்பணம் மட்டும் மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதோடு முதல் வாடகை, செமஸ்டர் பங்களிப்பு, மெத்தை, பாத்திரம். பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே இன்னொரு 1,500 முதல் 2,000 யூரோ கையில் இல்லாமல் வராதீர்கள். நான் வந்தபோது என்னிடம் 400 யூரோதான் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு திருநெல்வேலி அண்ணன் தன் சம்பளத்திலிருந்து முன்பணத்தைக் கட்டினார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று திட்டம் போட முடியாது.

மற்றவை சின்னச் சின்னவை. உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 30. ஆறு இடம் போட்டால் 225 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. இவற்றோடு ஐஇஎல்டிஎஸ், மொழி வகுப்பு, விமான டிக்கெட். எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுக்கு 16 லட்சம் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டு வேலை செய்து சமாளிக்கலாம் என்பார்கள். ஓரளவு முடியும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது, பல்கலைக்கழகத்திலேயே மாணவர் உதவியாளராக வேலை செய்தால் அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு வேலைச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாலு செமஸ்டர் படிப்பு ஐந்து, ஆறு செமஸ்டராக நீள்வதும் இங்கே சகஜம். இன்டர்ன்ஷிப், ஆய்வறிக்கை என்று இழுத்துவிடும். அதனால் 20 முதல் 22 லட்சம் வரை வழி வைத்திருப்பது பாதுகாப்பு.

கடன் என்றால், வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து அரசு வங்கியில் முயலுங்கள். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு நாள் போகும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். டிடிசிபி அனுமதி இல்லாத மனை என்றால் பல வங்கிகள் தொடவே மாட்டார்கள். இடம் தாத்தா பெயரிலேயே இருந்தால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். அட்மிஷன் வந்தபிறகு பத்திரத்தைத் தேடாதீர்கள், அப்பாவை இந்த மாதமே பத்திரங்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிய பின் கட்டும் வட்டிக்கு, பழைய வரித் திட்டத்தில் இருந்தால் எட்டு ஆண்டு வரை வரிக்கழிவு உண்டு. ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள்: 20 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் மாதம் 16,000க்கு மேல். தறி ஓடினாலும் நின்றாலும் அது ஓடும். இதைப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள், வெளிநாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் மத்திய அரசின் உதவித்தொகையும் இருப்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். தகுதியிருந்தும் தெரியாமலேயே கடன் வாங்கியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி ஆவணங்கள். பெரிய தலைவலி நம் பெயர்தான். நம் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இனிஷியல் ஓர் எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். ஜெர்மன் அலுவலகத்தில் குடும்பப் பெயர் இல்லாத மனிதரைப் பதிவு செய்யவே அவர்களுக்குப் புரியாது. என் பட்டத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, மொழிபெயர்த்து அனுப்ப மூன்று வாரம் போனது. உங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரிப் பட்டியல்கள், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இன்று மேசையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் திருத்தம் வேண்டுமென்றால் ஏபிஎஸ் விண்ணப்பத்துக்கு முன்பே செய்யுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைப்பதா என்று வீட்டில் யோசித்து ஒரே முடிவாக எடுங்கள். இங்கே உங்களை அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், முதல் வாரம் யாரோ அப்பாவைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

ஏபிஎஸ் என்பது உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் டெல்லி அலுவலகம். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது கட்டாயம். கடைசி ஆண்டில் இருக்கும்போதே அதுவரை வந்த மதிப்பெண் பட்டியல்களை வைத்து விண்ணப்பிக்க வழி உண்டு. ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போது அனுப்பிவிடுங்கள். கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தின் முழு நகல், மதிப்பெண் அளவுகோல் விளக்கம், ஆங்கிலவழிச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் அதே சமயத்தில் வாங்கி வையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்களை உண்மையாகவே தெரிந்த ஆசிரியரிடம் போங்கள், துறைத்தலைவர் பதவிக்காக மட்டும் அவரிடம் போக வேண்டாம்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதமான எஸ்ஓபி எழுதும்போது "சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், ஆயிரம் பேர் அதையே எழுதுகிறார்கள். உங்களிடம் சொல்வதற்கு நிஜமான விஷயம் இருக்கிறது. விசைத்தறிக் கூடத்தில் வளர்ந்த பெண் நீங்கள். தறியின் அதிர்வு, அடிக்கடி உடையும் பாகம், மின்கட்டணம், சத்தம் இவையெல்லாம் மெக்கானிக்கல் பிரச்சினைகள்தாம். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக் ஏன் உடைகிறது என்று ஒரு செமஸ்டர் அளந்து பார்த்து புராஜெக்ட் செய்தால், அதை எழுதினால், படிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். அது உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

குளிர்கால செமஸ்டர் நிர்வாகக் கணக்கில் பொதுவாக அக்டோபர் 1 தொடங்கும். விண்ணப்பிக்க ஜூலை 15 கடைசி நாள் என்று பொதுவாகச் சொன்னாலும், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல படிப்புகள் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் முடித்துவிடுகின்றன. உங்கள் எட்டாவது செமஸ்டர் முடிவு வருவதற்குள் அந்தத் தேதி கடந்திருக்கும். ஏழு செமஸ்டர் பட்டியலை வைத்து நிபந்தனையோடு சேர்க்கை தரும் இடங்களும் உண்டு, பட்டச் சான்று இல்லாமல் பார்க்கவே மாட்டோம் என்னும் இடங்களும் உண்டு. பட்டியல் போடும்போதே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். முடிவு தாமதமானால் ஏப்ரலில் தொடங்கும் கோடைகால செமஸ்டருக்கோ அடுத்த அக்டோபருக்கோ போவதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடைவெளியில் ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து பி2 முடித்தவர்கள், அவசரமாக வந்தவர்களைவிட முன்னால் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தார் "இன்னும் போகலையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

விசா விண்ணப்பத்தை இப்போது தூதரகத்தின் இணையதளத்தில் பதிந்து, பிறகு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் விசா மறுத்தால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். எனவே முதல்முறையே முழுமையாகக் கொடுங்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்த ஊர் மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், வரிசை நீளம். வெளியில் வீடு பார்த்தால், யாரும் நேரில் பார்க்காத வீட்டுக்கு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பக் கூடாது. சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவர் எல்லோரும் மோசடிதான். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அது தருவாரா என்று குடிபோகும் முன்பே கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அடுத்த காரியம் ஒவ்வொன்றும் தடைப்படும். மருத்துவக் காப்பீடு 30 வயதுக்குள் மாணவர் விகிதத்தில் மாதம் 140 யூரோவைத் தாண்டும். மேலே சொன்ன 992 யூரோவில் இதைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது; நெய்யும் பால்கோவாவும் அதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடி வகைகள், புளி, பருப்பு, அப்பளம் தாராளமாக வரலாம். குளிர்கால கோட்டு ஊரில் வாங்க வேண்டாம், இங்கே வந்து வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் இரண்டு ஜோடியாகவும், பல் வலி இருந்தால் வைத்தியம் முடித்துக்கொண்டும் வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அது போதுமான காலம், மொழி இருந்தால். இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள்: ஏ1 வகுப்பில் சேருங்கள், பெயர் ஒப்பீட்டை முடியுங்கள், பிடித்த மூன்று படிப்புகளின் மாட்யூல் ஹேண்ட்புக்கை இறக்கிப் பாட அட்டவணை போடத் தொடங்குங்கள். அட்டவணை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் பாடத்தில் கிரெடிட் குறைகிறது, ஏழாவது செமஸ்டரில் எந்த எலெக்டிவ் எடுத்தால் சரியாகும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.